இரதத்தில் ஏறி உட்கார்ந்தவர்





தியானப் பகுதி: அப்போஸ்தலர் 8:26-40

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற பாதை வனாந்தரமானது என்று லூக்கா குறிப்பிடுகிறார். அந்தப் பாதையில் எத்தியோப்பிய ராஜஸ்திரீயின் பொக்கிஷங்களுக்கு அதிகாரியான ஒருவர் இரதத்தில் வருகிறார். அவருக்குப் பணம் உண்டு, பதவி உண்டு. எளிதில் யாருக்கும் கிட்டாத ஏசாயாவின் ஆகமச் சுருளும் கையில் உண்டு. வாசிக்கவும் தெரியும். ஆயினும் வாசித்தது விளங்கவில்லை. பிலிப்பு அதைக் குறித்துக் கேட்டபோது, எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே என்பதே அவருடைய மறுமொழியாக இருந்தது.

பிலிப்பு அப்பொழுது செய்ததைக் கவனியுங்கள். இரதத்தோடு ஓடி, அழைக்கப்பட்டபோது ஏறி, அருகே உட்கார்ந்தார். தமக்குப் பழக்கமான பாடத்திலிருந்து அல்ல, அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார். சமாரியாவில் திரளான ஜனங்கள் அவருக்குச் செவிகொடுத்துக்கொண்டிருந்த வேளையில்தான், ஆளரவமற்ற பாதையில் ஒரே ஒருவரிடத்திற்குத் தேவன் அவரை அனுப்பினார். ஒதுங்கிக் கிடக்கும் இடங்களில் வாழும் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த இரதமே என் நினைவில் வருகிறது. கட்டடமும் சாலையும் புத்தகமும் அவசியமே. ஆனால் அவை யாவும் வந்து சேர்ந்த பின்பும், அருகே உட்கார ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது திறந்த சுருள் மாத்திரமே.

அஸ்தினாபுரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் குடியேறியுள்ள நம்மில் பலருக்குப் பூர்வீகம் தென்மாவட்டங்கள். செம்மண் தேரியும் பனங்காடும் கொண்ட ஊர்கள் அவை. பதனீர்க் காலம் வந்தால் குடும்பமே விளைக்குள் இறங்கிவிடும். தகப்பன் பனையேற, தாய் கருப்பட்டி காய்ச்ச, பிள்ளைகள் விறகு பொறுக்குவார்கள். அத்தகைய ஊர்களில் ஓலைக் கூரையின்கீழ் நடந்த திருச்சபைப் பள்ளிகளில்தான் நம் முன்னோர் பலர் எழுத்தறிந்தார்கள். அங்கே பணிபுரிந்த உபாத்தியாயர்கள் பலர் பெரிய படிப்பாளிகள் அல்லர். ஆனாலும் அதே ஊரில் குடியிருந்தார்கள். பிள்ளை வராத நாளில் வீட்டுக்கே போய் அழைத்துவந்தார்கள். நம்முடைய இன்றைய உத்தியோகமும் வீடும் நம் பிள்ளைகளின் பட்டங்களும் அந்த மனிதர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததன் பலன் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அத்தகைய ஊர்களில் ஒன்று வெள்ளாளன்விளை. 1874ஆம் ஆண்டு ஒரு கிராமப் போதகரின் வீட்டில் அங்கே பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மிஷன் பள்ளிகளில் பயின்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரை வந்தார். அந்நாளில் அக்கல்லூரி நகரின் நடுவே இருந்தது. 1937ஆம் ஆண்டில்தான் நம் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. பட்டணத்தில் நல்ல பொறுப்புகள் இருந்தும், 1909ஆம் ஆண்டு, 35 வயதை எட்டும் பருவத்தில், நிஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்னக்கல்லுக்குப் போனார். அது அவருக்கு அந்நிய பாஷை பேசும் நாடு. தெலுங்கை அட்சரத்திலிருந்து கற்றுக்கொண்டார். அவர் ஊழியம் செய்த மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள்; ஊருக்குப் புறம்பே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். கிராமந்தோறும் ஓர் உபாத்தியாயர் குடியிருக்க வேண்டும் என்பதை அவர் தம் ஊழியத்தின் ஆதாரமாக்கினார். பகலில் வயலில் உழைத்தவர்களுக்கு இரவில் பாடம் நடந்தது. 1912ஆம் ஆண்டு அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான பின்பும் அந்தக் கிராமங்களை விட்டு அகலவில்லை.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். மேல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்; ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவருடைய விண்ணப்பமாயிருந்தது. கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் நிற்கிற உதவி அவருக்குப் போதுமானதாயில்லை. இரதத்தின் அருகே நின்று உரக்கப் பேசுவது வேறு, ஏறி உட்காருவது வேறு.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள், தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. நம் மாநிலத்தில் தூரம் என்னும் தடை பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் அதே சட்டம் 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே நிர்ணயிக்கிறது. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்! ஒருவர் அலுவலக வேலையாக வெளியே சென்றால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் சுமக்க வேண்டும். நாம் பட்டணத்துக்கு வந்துவிட்டபடியால், நம் சொந்த ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. அங்கே எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு எங்கும் போக வழியற்றவர்களின் பிள்ளைகள்.

நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் வேறொரு தடை உண்டு. தை மாதத்தையொட்டிச் செங்கற்சூளைகளில் வேலை மும்முரமாகி, மழைக்கு முன் முடிகிறது. பள்ளியாண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆகவே பெற்றோருடன் சூளைக்குப் போகும் பிள்ளை பாடத்தின் பின்பாதியை ஆண்டுதோறும் இழக்கிறது. இருளர் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. சாதிச் சான்றிதழுக்காக அலையும் அலைச்சலும் அவர்களுக்கு உண்டு. ஒடிசாவிலிருந்து வரும் சூளைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மொழியும் ஒரு சுவராகிறது. பனங்காட்டில் நம் பாட்டனாருக்கு நேர்ந்தது இன்று சூளையில் வேறொரு பிள்ளைக்கு நேர்கிறது.

ஆனாலும் இருளர் பிள்ளை ஒன்றும் அறியாமல் பள்ளிக்கு வருவதில்லை. மண்ணில் பாம்பு போன தடத்தைக் கண்டுகொள்ளும் அறிவு அவர்கள் மரபில் உண்டு. 1978 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம், பாம்புக்கடி மருந்து தயாரிக்க உதவுகிறது. நாட்டில் எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைக்கின்றன. அந்த அறிவிலிருந்து பாடத்தை ஆரம்பிக்கிற ஆசிரியர் பிலிப்பின் வழியில் நடக்கிறார். சிறிய பள்ளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கலாம்; மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் அடைபட்டிருந்ததால் உண்டான இழப்பை ஈடுசெய்ய, 2021ஆம் ஆண்டு தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் தங்கள் தெருவிலேயே, மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பெரிய கட்டடங்கள் எதுவும் எழுப்பப்படவில்லை. வீட்டுத் திண்ணையும் ஊர்ப் பொதுவிடமும் போதுமானதாயின.

அஸ்தினாபுரத்தில் நம் தெருக்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்புகின்றன. எழும்பும் கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகையில் ஒரு குடும்பம் தங்குகிறது. மூத்த பிள்ளை தம்பியை இடுப்பில் சுமந்து நிற்கிறது. பள்ளி நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கவோ, வீட்டுப்பாடத்தில் சந்தேகம் தீர்க்கவோ அந்தக் கொட்டகையில் எவருமில்லை. வனாந்தரப் பாதை நம் வீட்டு வாசலருகே வந்திருக்கிறது.

பிலிப்பு பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவர் அல்லர். பந்தி விசாரிப்புக்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரில் ஒருவர். ஆகவே இந்த ஊழியம் போதகருக்கோ பயிற்சி பெற்ற ஆசிரியருக்கோ மாத்திரம் உரியதல்ல. நம் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கல்லூரியில் பயிலும் வாலிபர்கள் இருக்கிறீர்கள். ஒடியாவோ இந்தியோ தெலுங்கோ பேசக்கூடியவர்களும் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் உங்களால் கொடுக்க முடியுமா? பெற்றோரின் சம்மதத்தோடும் பள்ளித் தலைமையாசிரியரின் ஆலோசனையோடும், நம் ஆலய வளாகத்தில் அந்தப் பிள்ளைகளோடு உட்காரலாம். இது சபையின் எண்ணிக்கையைக் கூட்டும் முயற்சி அல்ல. தண்ணீரைக் கண்டு ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச்செடுத்தவர் மந்திரியே. பிலிப்பு எந்த நிபந்தனையும் வைத்து இரதத்தில் ஏறவில்லை.

அசனப் பண்டிகைக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலயத்தின் பக்கத்திலுள்ள அந்தச் சிறிய பள்ளி இயங்கும் நாளில் உள்ளே சென்று பாருங்கள். காணிக்கை கொடுப்பதற்கு முன், ஆசிரியரிடம் தேவை என்னவென்று கேளுங்கள். ஒரு மணி நேரமாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். மாலை வகுப்பில் பங்குபெற விரும்புகிறவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னைச் சந்திக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் முன்னோருக்கு எழுத்தறிவித்தவர்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். சூளைகளிலும் கொட்டகைகளிலும் தூரமான கிராமங்களிலும் இருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும். தனித்து நின்று போதிக்கிற ஆசிரியர்களைப் பலப்படுத்தும். நீர் காட்டுகிற இரதத்தண்டைக்கு ஓடிச்செல்ல எங்களுக்கு மனதையும், அங்கே அமர்ந்திருக்கப் பொறுமையையும் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.