அப்பாவின் கால் நகம்

நம் கைநகத்தை நாமே வெட்டிக்கொள்ள எந்த நகவெட்டியும் போதும். எண்பதைத் தாண்டியவரின் கால் நகத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். அப்பாவால் குனிய முடியாமல் போனதிலிருந்து அந்த வேலை என்னுடையது.

அவர் சின்ன வயதில் முடிவெட்ட வீட்டுக்கு வருபவரே நகமும் எடுத்துவிட்டுப் போவாராம். நான் பார்த்தது பாதி பிளேடு. சவரத்துக்கு ஆகாதென்று ஒதுக்கியதை நீளவாக்கில் ஒடித்து, திண்ணையில் உட்கார்ந்து சீவுவார்கள். விளக்கு வைத்த பிறகு வெட்டினால் பாட்டி அதட்டுவாள். செவ்வாயும் வெள்ளியும் ஆகவே ஆகாது. இதற்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் மங்கலான பல்பு வெளிச்சத்தில் பிளேடோடு உட்காராமல் இருந்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அழுத்தி வெட்டும் நகவெட்டிக்கு அமெரிக்காவில் 1881லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 1947ல் கனெக்டிகட் மாநிலத்து வில்லியம் பாசெட் அதைத் திருத்தினார். தகடுகள் பக்கவாட்டில் நழுவாதபடி அரத்தின் அடிப்பக்கம் இரண்டு சிறு முண்டுகள், கட்டைவிரல் பதிய மேல்பிடியில் ஒரு வளைவு. இன்று நம் மேஜை இழுப்பறையில் கிடப்பது ஏறக்குறைய அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் சாவிக்கொத்துகளோடு தொங்குவதை வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பிடியை அழுத்தி வாயை மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் சேருமிடத்தில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த இடத்தில் நகம் அறுபடாது, மடிந்து பிய்யும். பிய்ந்த முனை போர்வையில் மாட்டும்போதுதான் மிச்சம் பிடித்த காசின் அருமை புரியும்.

அப்பாவின் கால் பெருவிரல் நகமோ ஆமை ஓடு. வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கொஞ்சநேரம் ஊறவைத்துத் துடைத்தால்தான் இளகிக்கொடுக்கும். அதற்கென்று பெரிய நகவெட்டி, நேர்வாய் வைத்தது, தனியாக இருக்கிறது. ஒரே கடியில் வெட்டப் போனால் நகம் பிளக்கும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும்.

"மூலையை வளைச்சு எடுடா, குத்துது."

"நேராத்தான்பா வெட்டணும். வளைச்சா சதைக்குள்ள போயிரும்."

அவர் ஒத்துக்கொள்வதில்லை. கூர்முனையை அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டுச் சமாதானம் செய்வேன். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் போல வளர்கிறது, கால் நகம் ஏறக்குறைய அதில் பாதிதான். அடிக்கடி திட்டு வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஒன்று செய்யுங்கள். நகம் வெட்டும் சாக்கில் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி மரத்த காலில் புண் இருப்பது அவருக்கே தெரியாது. உங்கள் கண்ணில் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.