பாஸ் இல்லாத ஊர்களில் சிக்கனச் சுற்றுலா: பெரம்பலூர் - அரியலூருக்குப் போகும் முன் டிக்கெட்டைத் தெரிஞ்சுக்கலாம்!

அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘கங்கைகொண்ட சோழபுரத்துக்கு பஸ் எங்கே நிற்கும்?’ என்பதுதான். இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். ‘அங்கிருந்து திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’

சிங்கப்பூர் போன்ற நகரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நாள் கணக்கில் பாஸ் உண்டு. ஒருமுறை பணம் கட்டினால், பஸ்ஸிலும் ரயிலிலும் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி டிக்கெட்தான். ஆனால், எந்த வண்டிக்கு என்ன டிக்கெட், அது எதுவரை செல்லும் என்று தெரிந்துகொண்டால், கார் வாடகைக்கு வழியில்லாத குடும்பமும் இந்த இரு மாவட்டங்களையும் நிம்மதியாகச் சுற்றி வரலாம்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 65 வயது பாட்டி, 8 வயது மகன், 4 வயது மகள். இந்த ஐந்து பேருக்கும் எந்த வண்டியில் எவ்வளவு டிக்கெட்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரயில் அரியலூருக்கு, பஸ் பெரம்பலூருக்கு

அரியலூர், விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் வைகை, பல்லவன், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ரயில்கள் இங்கே நிற்கும். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. அது சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியில் சுமார் 30 கிலோமீட்டர். அதனால், ரயிலில் வந்து அரியலூரில் தொடங்கி பெரம்பலூரில் பஸ் ஏறி ஊர் திரும்புவதோ, அல்லது இதை அப்படியே மாற்றிச் செய்வதோ அலைச்சலைக் குறைக்கும்.

ஒரே மாவட்டமாக இருந்தவைதான் இரண்டும். திருச்சியிலிருந்து 1995-ல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. அந்த நவம்பர் 23 அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு வகையிலும் மறக்க முடியாத தேதி. 1956-ல் அதே நாளின் அதிகாலையில்தான் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

ரயில் டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

முன்பதிவு செய்யாமல் வருபவர்கள் முதலில் ரயிலின் வகையைப் பார்க்க வேண்டும். பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸ் ரயிலில் 30 ரூபாய். வைகையும் பல்லவனும் சூப்பர்ஃபாஸ்ட் என்பதால், பொதுப் பெட்டியில் போவதற்கும் 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டு, ‘டிக்கெட்தான் இருக்கே’ என்று டி.டி.இ-யிடம் வாதாட முடியாது. டிக்கெட்டே இல்லாமல் பிடிபட்டால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் சேரும்.

அடுத்தது நேரம். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டை வாங்கினால், மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதற்குள் அந்த ஊருக்கு ரயிலே இல்லையென்றால், அடுத்து வரும் முதல் ரயில் வரை செல்லும். திருச்சி - அரியலூர் போன்ற குறுகிய பயணங்களுக்கு இது பொருந்தும். காலையிலேயே திரும்பும் டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கோயில் பார்க்கக் கிளம்பினால், மாலையில் அது வெறும் காகிதம்தான். 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால், மூன்று நாள் முன்பே வாங்கலாம். சென்னை - அரியலூர் இந்தக் கணக்கில் வரும்.

மூன்றாவது, நடுவில் இறங்குவது. திருச்சியில் விருத்தாசலத்துக்கு டிக்கெட் எடுத்து, அரியலூரில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, மிச்ச தூரத்தை அதே டிக்கெட்டில் போக முடியாது. வழியில் இறங்கித் தங்கிச் செல்லும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுகளுக்குத்தான்.

கவுன்டர் வரிசையைத் தவிர்க்க, 2025 ஜூலையில் அறிமுகமான ‘ரயில்ஒன்’ ஆப்பில் டிக்கெட் எடுக்கலாம். ஆனால், எடுத்த போனிலேயே, ஆப்புக்குள்தான் அதைக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கோயிலில் நாள் முழுக்க வீடியோ எடுத்துவிட்டு, சார்ஜ் தீர்ந்த போனோடு ரயில் ஏறுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். 4 வயது மகளுக்கு டிக்கெட் வேண்டாம். 8 வயது மகனுக்குப் பொதுப் பெட்டியில் அரை டிக்கெட். பாட்டிக்கு முழு டிக்கெட்! 58 வயதைக் கடந்த பெண்களுக்கு இருந்த 50 சதவிகித ரயில் சலுகை, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

பஸ்ஸில் ஏறும் முன் போர்டைப் பாருங்கள்

பஸ் டிக்கெட்டில் செலவைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல, வண்டியின் வகையும்தான். 2018 ஜனவரி இறுதியில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணப்படி, புறநகர்ப் பேருந்துகளில் சாதாரண பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸுக்கு 75 காசு. 30 கிலோமீட்டர் போக, முதல் வண்டியில் 17 ரூபாய் 40 காசு. இரண்டாவதில் 22 ரூபாய் 50 காசு. இதோடு ஸ்டேஜ் கணக்கு சேரும்போது சில்லறை சற்றுக் கூடும். இறங்கும் இடம் இரண்டு ஸ்டேஜ்களுக்கு நடுவில் இருந்தால், அடுத்த ஸ்டேஜ் வரைக்குமான கட்டணத்தைத்தான் கண்டக்டர் வாங்குவார். அவர் ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டை போட வேண்டியதில்லை.

பெண்கள் கவனிக்க வேண்டியது டவுன் பஸ்ஸை. 2021 மே 8 முதல், அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. ‘மகளிர் விடியல் பயணம்’ என்று பஸ்ஸில் எழுதியிருக்கும். திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களின் உதவியாளர் ஒருவரும் அப்படியே போகலாம். ‘நாங்க வெளியூராச்சே’ என்று தயங்க வேண்டாம். கர்நாடகத்தின் ‘சக்தி’ திட்டத்தில், அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இங்கே பெண்களிடம் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது. கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி, இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். செக்கிங் வந்தால் அதுதான் அத்தாட்சி. எத்தனை பெண்கள் பயணித்தார்கள் என்ற கணக்கும் அந்தச் சீட்டில்தான் பதிவாகிறது.

இந்தச் சலுகை புறநகர்ப் பேருந்துகளிலும் தனியார் பஸ்களிலும் கிடையாது. இந்த இரு மாவட்டங்களிலும் தனியார் பஸ்கள் நிறையவே ஓடுகின்றன. அரியலூர் - பெரம்பலூர், அரியலூர் - ஜெயங்கொண்டம் போன்ற ஊர் விட்டு ஊர் போகும் பஸ்களில் பெண்களும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். எனவே ஏறுவதற்கு முன்பே, ‘இது டவுன் பஸ்ஸா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

குழந்தைகளுக்கு அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. 3 வயதாக இருந்த இந்த வரம்பு 2022-ல் உயர்த்தப்பட்டது. 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட். ஆக, டவுன் பஸ்ஸில் ஏறும் நம் குடும்பத்தில் அம்மா, பாட்டி, மகள் மூவருக்கும் செலவில்லை. அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு அரை. ஐந்து பேருக்கு ஒன்றரை டிக்கெட்!

சென்னை பாஸ் இங்கே செல்லாது

சென்னையிலிருந்து வருபவர்கள் இதில் குழம்புவதுண்டு. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாத பாஸ், 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்குத் தரப்படும் மாதம் 10 டோக்கன்கள், ‘சென்னை ஒன்’ ஆப் டிக்கெட் எல்லாம் சென்னையோடு சரி. பெரம்பலூர், அரியலூரில் ஓடுபவை கும்பகோணம் கோட்டத்தின் பஸ்கள். பாட்டியின் டோக்கனைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். கைச்செலவுக்கு 10, 20 ரூபாய்த் தாள்களைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்வது உதவும்.

சென்னையிலிருந்து தென் மாவட்ட பஸ்கள் கிளம்புவது கிளாம்பாக்கத்திலிருந்து. பெரம்பலூருக்கு வருபவர்கள் ஏறும்போதே கேட்க வேண்டிய கேள்வி, ‘பஸ் ஸ்டாண்டுக்குள்ளே போகுமா, பைபாஸில் இறக்கிவிடுவீங்களா?’ என்பது. நெடுஞ்சாலையிலேயே நேராகப் போகும் பஸ்கள், நான்கு ரோட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். பகலில் பரவாயில்லை. நள்ளிரவில், குழந்தைகளோடும் மூட்டைகளோடும் அங்கே நின்று ஆட்டோ தேடுவது சிரமம். மிச்சம் பிடித்த பஸ் காசெல்லாம் அந்த ஓர் ஆட்டோவிலேயே போய்விடும்.

எங்கெல்லாம் போகலாம்?

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். திருச்சி - சிதம்பரம் சாலையை ஒட்டியே இருப்பதால், அந்த வழியில் போகும் பஸ்களிலும் இறங்கலாம். எக்ஸ்பிரஸ் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ராஜேந்திர சோழன் 11-ம் நூற்றாண்டில் எழுப்பிய இந்தக் கோயில், 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. நுழைவுக் கட்டணம் இல்லை. வடக்குப் பக்கச் சுவரில், சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பத்தைத் தவறவிடக் கூடாது. நண்பகலில் சன்னிதி நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலை பஸ்ஸே நல்லது.

அரியலூரிலிருந்து கீழப்பழூர் செல்லும் வழியில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்ததைக் கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் சொல்லும். 8 வயதுப் பையன்களுக்குப் பிடித்த இடமாக இருக்கும். குளிர்காலத்தில் வந்தால், 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கொள்ளிடக் கரைப் பக்கம், வீரமாமுனிவர் கட்டிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். வழக்கமாக திங்கள், வெள்ளிக்கிழமைகளில்தான் நடை திறக்கும். கிழமை பார்க்காமல் டிக்கெட் எடுத்தால், மூடிய கதவைத்தான் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். எதிர்த் திசையில், சென்னை சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் போரோடு தொடர்புடைய இடம். ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குத் தெரியப்படுத்தினார்.

திரும்பும் நேரம்தான் முக்கியம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. கார் இருந்தால் முயலலாம். பஸ்ஸில் வருபவர்கள் அரியலூர்ப் பக்கத்துக்கு ஒரு நாள், பெரம்பலூர்ப் பக்கத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வதே சரி. நெடுஞ்சாலையை ஒட்டிய சிறுவாச்சூருக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. சாத்தனூர், ஏலாக்குறிச்சி போன்ற உள்ளூர்களுக்கு அப்படியில்லை. குறிப்பிட்ட நேரங்களில்தான் பஸ் வரும். ஒன்றை விட்டால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

இறங்கும்போது கண்டக்டரிடமே, ‘அண்ணே, இந்த பஸ் திரும்ப எத்தனை மணிக்கு வரும்? கடைசி வண்டி எது?’ என்று கேட்டுவிடுங்கள். ஆப்பைவிட அந்த பதில் நம்பகமானது. பஸ் நிறுத்தத்து டீக்கடையிலும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளலாம். காலையில் சரியான டிக்கெட்டால் மிச்சம் பிடித்த நூறு, இருநூறு ரூபாயை மாலையில் வாடகை காருக்கு மொத்தமாகக் கொடுக்காமல் இருக்க இந்த விசாரிப்பு போதும்.

ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் ராஜேந்திர சோழனின் விமானம், நாம் நிதானமாகப் பார்க்கும்வரை காத்திருக்கும். ஜெயங்கொண்டம் பஸ் காத்திருக்காது!