இரண்டாவது பட்டம்

தனிநாயகம் அடிகள் 1945இல் தமிழ் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 32. அதற்குள் ரோமில் இறையியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியர் வேலையும் பார்த்தாயிற்று. அதன் பிறகுதான் மறுபடி மாணவர்.

வங்கியில் படிப்பு என்றால் சி.ஏ.ஐ.ஐ.பி. தேறினால் இன்க்ரிமெண்ட். ஏரலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். சம்பளமில்லா விடுப்பில் சிதம்பரம் போய் எம்.ஏ. தமிழ் படிக்கப்போகிறேன் என்றதும், 'இதனால் என்ன கிடைக்கும்?' என்றார் மேலாளர். நியாயமான கேள்விதான்.

அடிகளுக்குக் கிடைத்தது ஒரு பார்வை. சங்கக் கவிதையில் இயற்கை பற்றிய அவருடைய ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. கிரேக்க, லத்தீன் கவிதைகளைப் பக்கத்தில் வைத்துத் திணையை அவரால் பார்க்க முடிந்தது. லத்தீன் முன்பே தெரியும். திணையைத்தான் வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது.

நான் பி.ஏ. ஆங்கிலம். எலியட்டிலிருந்து தொல்காப்பியத்துக்கு வரும் வழி தெரியும். தொல்காப்பியத்தில் நின்று எலியட்டைப் பார்க்கும் விமர்சனம் வேறு. அது ஓய்வு நேரத்தில் கைகூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷச் சம்பளம் அதிக விலை என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. விடுப்பு மனுவைக் கொடுத்துவிட்டேன்.