முப்பது நொடிக்கு ஒரு மெட்டு

விண்டோஸ் 95 போட்ட கணினியைத் திறந்ததும் ஒரு சின்ன இசை வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்தவர் பிரையன் ஈனோ. லேசுப்பட்ட ஆள் இல்லை, ஆம்பியன்ட் இசை என்ற வகைக்கே பெயர் வைத்தவர். இசை உணர்ச்சியோடு இருக்க வேண்டும், நம்பிக்கை தர வேண்டும், உலகத்துக்கே பொதுவாக இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அவரிடம் ஒரு நீளப் பட்டியலே கொடுத்தது. கடைசியில் ஒரு வரி: நீளம் மூன்றேகால் நொடி. மனிதர் 84 துண்டுகள் செய்து பார்த்ததாக 1996-இல் ஒரு பேட்டியில் சொன்னார். எல்லாம் சரி. வெளிவந்ததைக் கடிகாரம் வைத்துக் கேட்டால் கிட்டத்தட்ட 6 நொடி வருகிறது! (அதை அவர் ஆப்பிள் மேக்கில் செய்தார் என்பது தனிக் காமெடி.)

ஈனோ என்றால் இரண்டு மடங்கு நீளம் போனாலும் ஏற்றுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வீட்டு அறையில் ஒரு கீபோர்டையும் கணினியையும் வைத்துக்கொண்டு, பாட்டு வரி இல்லாத வெறும் வாத்திய இசை செய்து, லைசென்ஸுக்கு விடலாம் என்று இசை லைப்ரரிகளுக்கு அனுப்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் முட்டிக்கொள்வது ராகத்திலும் இல்லை, தாளத்திலும் இல்லை. நீளத்தில்தான்.

இசை லைப்ரரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சினிமாவுக்குப் பின்னணி இசை போடுவது தையல்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது மாதிரி. லைப்ரரி என்பது ரெடிமேட் கடை. விளம்பரம் எடுப்பவர், டாக்குமென்டரி எடுப்பவர், கம்பெனி வீடியோ எடுப்பவர் எல்லோரும் வந்து, இருப்பதில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமைக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். இது இணையம் வந்த பிறகு முளைத்த வியாபாரம் இல்லை. லண்டனில் டி வுல்ஃப் நிறுவனம் 1909-இலேயே தொடங்கிவிட்டது. அப்போது படங்கள் ஊமைப்படங்கள். தியேட்டரில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு இசைக்குறிப்பு விற்றார்கள். 1960-களில் அதே லண்டனில் கேபிஎம் என்ற நிறுவனம் பச்சை உறை போட்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டது. உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி விளக்கமும் அதன் நீளமும் அச்சிட்டிருப்பார்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான்.

ரெடிமேட் கடையில் 38, 40, 42 என்று சைஸ் இருக்கிற மாதிரி இங்கேயும் சைஸ் உண்டு. முழு டிராக் பொதுவாக 2 நிமிடத்துக்குக் குறையாமல் 3 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதிலிருந்தே வெட்டிச் செய்த 60 நொடி, 30 நொடி, 15 நொடிப் பதிப்புகள் வேண்டும். அப்புறம் ஸ்டிங் எனப்படும் சில நொடி முத்தாய்ப்பு. பல இடங்களில் டிரம்ஸ் இல்லாத பதிப்பு, மெட்டு இல்லாத பதிப்பு என்று வேறு கேட்பார்கள். ஒரு டிராக் செய்தவர் கடைசியில் ஏழெட்டு கோப்புகளை ஏற்ற வேண்டியிருக்கும்.

'2 நிமிடம் ஏன்? என் மெட்டு 80 நொடியில் அழகாக முடிந்துவிடுகிறதே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாங்குகிற எடிட்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவரிடம் 1 நிமிடம் 50 நொடிக்கு ஒரு காட்சி இருக்கிறது. நீளமான இசையை அவரால் வெட்ட முடியும். குட்டையான இசையை இழுக்க முடியாது. துணி மிச்சம் இருந்தால் மடித்துத் தைக்கலாம், பற்றாவிட்டால் என்ன செய்வது?

இங்கேதான் பலரும் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். 80 நொடியை அப்படியே நகலெடுத்துப் பின்னால் ஒட்டினால் 2 நிமிடம் 40 நொடி. கணக்கு சரியாகிவிட்டது! ஆனால் இசையைச் சரிபார்ப்பவர்கள் நாள் முழுக்க இதையே கேட்பவர்கள். ஒலி அலையின் படத்தைத் திரையில் பார்த்தாலே ஒரே மலைத்தொடர் இரண்டு முறை தெரிந்துவிடும். டிராக் திரும்பி வந்துவிடும். பரிசீலனைக்குக் காத்திருந்த நாட்களெல்லாம் வீண். தப்பித்தவறி ஏற்றுக்கொண்டால் அது இன்னும் மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பாதியில் கிடைக்காத எதுவும் இரண்டாம் பாதியில் இல்லாத டிராக்கை எந்த எடிட்டர் எடுப்பார்?

ஒட்டாமல் நீட்டும் வழிகள் உண்டு. நம் கச்சேரிகளில் சங்கதி போடுகிறார்களே, அதுதான். அதே பல்லவி வரி, ஒவ்வொரு முறையும் ஒரு புது வளைவு. இரண்டாம் சுற்றில் மெட்டைப் பியானோவிடமிருந்து பிடுங்கிச் செல்லோவிடம் கொடுக்கலாம். நடுவில் டிரம்ஸை நிறுத்தி எட்டு பார் வெறுமையாக விடலாம். பேச்சுக்குக் கீழே போடுவதற்கு எடிட்டர்கள் தேடுவது அந்த வெறுமையைத்தான். கடைசிச் சுற்றில் எல்லா வாத்தியமும் சேரலாம். மெட்டு ஒன்றே ஒன்றுதான், ஆனால் 2 நிமிடம் 30 நொடிக்குள் மூன்று வேறு காட்சிகளுக்கு இடம் வந்துவிடும்.

நீட்டுவதைவிடச் சுருக்குவது கஷ்டம். 30 நொடிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகம் என்றால் நான்கு பீட் பார் ஒன்றுக்கு 2 நொடி. மெட்டுகள் பெரும்பாலும் 8, 16 என்று போகும். 16 பார் 32 நொடி. இரண்டு நொடி உதைக்கிறது! வேகத்தை 128 ஆக்கினால் 16 பார் அச்சாக 30 நொடி. அப்பாடா என்று இங்கே நிறுத்துபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கடைசித் தட்டு விழுந்த பிறகு அதன் கார்வை அடங்க இடம் எங்கே? பல சேனல்களில் விளம்பரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அரை நொடி நிசப்தம் வேறு கேட்பார்கள்.

ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28-ஆவது நொடியில் கடைசித் தட்டு விழுந்து, மிச்சத்தில் கார்வை அடங்க வேண்டும். 120 வேகத்தில் 28 நொடி என்பது 14 பார். ஆதி தாளக் கணக்கில் சரியாக 7 ஆவர்த்தனம், எட்டாவதின் சமத்தில் ஒரே ஒரு தட்டு. மிருதங்க வித்வான்கள் கோர்வை அமைக்கும்போது செய்வதும் இதே வேலைதான். எங்கே முடிய வேண்டும் என்பது முதலில் தெரியும், அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எங்கே எடுப்பது என்று முடிவு செய்வார்கள். தமிழ்நாட்டில் கொன்னக்கோல் கற்ற பையனுக்கு இந்த 30 நொடி விவகாரம் ஒரு நாள் வீட்டுப்பாடம். மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்து முடிக்கும் ஃபேட் அவுட் எல்லாம் இந்தக் கணக்குக்குப் பயந்தவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம். அதனால்தான் லைப்ரரிகளுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது.

15 நொடி இன்னும் வில்லங்கம். 14-ஆவது நொடியில் தட்டு என்றால் மூன்றரை ஆவர்த்தனம். அரையில் நிற்க மெட்டு ஒத்துக்கொள்ளாது. வேகத்தை 137-க்கு ஏற்றினால் 4 ஆவர்த்தனம் அடங்கும், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருக்கும். மெட்டிலேயே ஒரு வரியைத் தியாகம் செய்வதுதான் மேல். எதை வெட்டுவது என்று உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் தன் மெட்டில் எது உயிர், எது சதை என்று செய்தவருக்கே தெரியவரும்.

கலையை நொடிக்கணக்கில் அளப்பதா என்று கோபப்படுபவர்கள் 78 சுழற்சி இசைத்தட்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் என்று பெயரெடுத்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரமும் அந்தத் தட்டுக்குள் அடங்கத்தான் வேண்டியிருந்தது. அடங்கியது, குறைந்துபோகவில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. காசு! லைப்ரரி இசை ஒளிபரப்பானால் எது, யாருடையது, எத்தனை நொடி என்று க்யூ ஷீட்டில் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் பிரிட்டனின் பிஆர்எஸ், இந்தியாவின் ஐபிஆர்எஸ் போன்ற சங்கங்கள் ராயல்டியைப் பிரிக்கின்றன. கேட்பது இரண்டரை நிமிடமும் ஏழெட்டுப் பதிப்பும். எடிட்டர் 7 நொடி எடுத்தால் கணக்கில் ஏறுவது 7 நொடி. பதிப்புகளை வெட்டிய இரவுகள் எந்தப் பேரேட்டிலும் வராது. நம் ஊர்த் தொலைக்காட்சி விளம்பர ரேட்டைப் பாருங்கள், 10 நொடிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். நொடிக்கு எவ்வளவு விலை என்று விற்பவருக்கு நன்றாகத் தெரிகிறது, செய்பவருக்குத்தான் தெரிவதில்லை.

நொடியில் காசு இருந்தால் அதை வளைக்க ஆளும் வரும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால் ஒரு கேட்பு என்று கணக்கு. உடனே சிலர் மழைச் சத்தத்தையும் மின்விசிறிச் சத்தத்தையும் குட்டிக் குட்டியாக நறுக்கி ஏற்றினார்கள். 2024-இல் அந்த மாதிரி இரைச்சல் டிராக்குகளுக்கு ராயல்டி வேண்டுமென்றால் குறைந்தது 2 நிமிடம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள்.

லூப் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு சில்லறை விஷயம். எம்பி3-ஆக மாற்றும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி நிசப்தம் சேர்ந்துவிடும். ஒரு முறை கேட்டால் தெரியாது. திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் ஒரு முறை நொண்டும். 8 பார், 16 நொடி என்று எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் சரி, லூப்பை வேவ் கோப்பாகவே அனுப்புங்கள்.