பவளக்கால் உள்ளானும் பெருங்குடித் தண்ணீரும்

சென்னை, துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோடு. மார்கழிக் காலை. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. சதுப்பு நிலத்தை நெருங்கியதும் ஸ்கூட்டரில் போகிற பெண்களின் துப்பட்டா மூக்குக்கு ஏறுகிறது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, அதையொட்டிக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே சுத்திகரித்த தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்தான் வந்து விழுகிறது.

அந்தத் தண்ணீரில் பவளக்கால் உள்ளான்கள் கூட்டமாக நிற்கின்றன. கரைக்குப் பக்கத்தில் ஒன்று. கருஞ்சேற்றில் இளஞ்சிவப்புக் காலை மெல்ல எடுத்து வைக்கிறது. ஊசி அலகு உள்ளே போகிறது. வரும்போது நுனியில் ஒரு செம்புழு நெளிகிறது. ஒரே உதறல், விழுங்கியாயிற்று. அடுத்த அடி. சற்றுத் தள்ளிச் சம்புப் புதரில் நீலத்தாழைக்கோழி, தண்டை ஒரு காலால் மனிதக் கைபோல் பற்றி வாய்க்குக் கொண்டுபோய்க் கடிக்கிறது.

பைக்கை ஓரங்கட்டிய அப்பாவிடம் சிறுமி கேட்கிறாள்: "நாத்தத்துல எப்படிப்பா இதெல்லாம் சாப்பிடுது?" அவர் பதில் சொல்லவில்லை. "வா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று வண்டியை உதைக்கிறார்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. நிலையத்தின் தொட்டிகளில் காற்றை ஊதி ஊதி பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். அழுக்கின் பெரும்பகுதியை அவை தின்றுவிடுகின்றன. மிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெளியே பாசியாகின்றன. பாசியையும் மக்கலையும் தின்று கொசுவைப் போன்ற கடிக்காத பூச்சிகளின் செம்புழு பெருகுகிறது. செம்புழுவுக்கு ஆக்சிஜன் குறைந்த சேறே போதும். ஆகவே உள்ளான் வந்து நிற்பதால் இரை இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் சுத்தம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பார்த்தாலே சத்து அளவுக்கு மீறிவிட்டது புரியும்.

குப்பையும் கட்டடமும் தின்றது போக எஞ்சிய சதுப்பு இது. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கழிவுநீரால் வாழும் ஈரநிலம் இது மட்டுமல்ல. மெல்போர்ன் நகரின் கழிவுநீரை 1890-களிலிருந்து வாங்கிவரும் வெரிபீ பண்ணையின் குளங்களும் ராம்சார் நிலத்தில் அடக்கம். கிழக்குக் கொல்கத்தாவில் ஊர்ச் சாக்கடையில் மீன் வளர்த்து ஊருக்கே விற்கிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வந்து இதைப் பார்க்கிறவனுக்கு ஊர் நினைப்பு வராமல் இராது. சிறுமலைக்கும் குடகனாற்றுக்கும் நடுவே நம் சமவெளி வானம் பார்த்த பூமி. நகரத்துச் சாக்கடையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது; குளங்கள் பாதி வருஷம் வறண்டு கிடக்கின்றன. பெருங்குடியில் நடப்பது இங்கேயும் ஏன் கூடாது?

கூடும். ஆனால் நமக்குத் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலைகள், இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். பதனிடும்போது குரோமியமும் சேரும். உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. குரோமியம் சேற்றில் படியும்; அந்தச் சேற்றில்தான் செம்புழு வளரும், உள்ளானின் அலகு இறங்கும். கிணறுகள் உப்பாகிப்போன கதையைத் தோல் ஷாப்புகளைச் சுற்றியுள்ள விவசாயிகள் எல்லாரும் சொல்வார்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றித் தீர்ப்புச் சொல்லித் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டபோது, அதில் வந்த ஐந்து மாவட்டங்களில் ஒன்றாகத் திண்டுக்கல்லும் இருந்தது.

திண்டுக்கல் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுச் சாக்கடையை முறையாகச் சுத்திகரித்துக் குளங்களுக்குக் கொடுங்கள். பறவைகள் தாமாக வரும். அந்தக் குழாயில் தோல் ஷாப்புத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்க விடாதீர்கள். வெளியே விடும் தண்ணீரின் உப்பும் குரோமியமும் எவ்வளவு என்று மாதாமாதம் குளக்கரையிலேயே பலகையில் எழுதிப் போடுங்கள்.