இரண்டு கால்களுக்கு ஒரு கிளட்ச்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வளைவுகளுக்குக் கணக்கில்லை. ரிங்லெட்டைக் கடந்து தானா ராத்தாவை அடையும்போது, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் வந்திருக்கும். காய்கறி கீழிறங்குவதும் உரமூட்டை மேலேறுவதும் அச்சாலையின் அன்றாடம். விடுமுறை நாளில் சுற்றுலா வண்டிகளும் சேர்ந்துகொண்டால், ஏற்றத்தில் நின்று நின்று நகர வேண்டியதுதான். கிளட்ச் தேய்வதற்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

அம்மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் டீசல் பிக்கப், அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏற மறுத்தது. இயந்திரம் இரைந்தது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை எழுந்தது. ஓட்டியவன் பத்தொன்பது வயது மகன். போவோர் வருவோர் பார்க்க, சாலையோரத்திலேயே அவனைத் தந்தை கடிந்துகொண்டார்.

தாப்பாப் பட்டறையில் கியர்பெட்டியை இறக்கி, கழற்றிய உறுப்புகளைச் சாக்கின்மேல் பரப்பிவைத்தார் பழுதுபார்ப்பவர். பிளைவீலின் முகம் வெப்பத்தால் நீலம் பாரித்திருந்தது. கிளட்ச் தட்டு ஆணித்தலை தெரியும்வரை தேய்ந்திருந்தது.

"எரியாத ஒண்ணா போடு தம்பி. செராமிக்னு சொல்றாங்களே, அது" என்றார் பெரியவர்.

"கிளட்ச் வழுக்காதுன்னா, அந்த அடியை வேற எது வாங்கும்ண்ணே?"

கேள்வி நியாயமானதே. கிளட்ச் என்பது தான் தேய்ந்து மற்றவற்றைக் காக்கும் உறுப்பு. செராமிக் தட்டு கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் வெடுக்கெனப் பற்றும். ஈரமான சரிவில் அங்குலம் அங்குலமாக நகரவேண்டிய வண்டிக்கு அது ஒவ்வாது. அதிர்ச்சி கியர்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் போய்ச்சேரும். இயந்திரத்தின் வலிமையைக் கூட்டாதவர்க்குத் தொழிற்சாலை வைத்த அளவே போதும். வலிமை கூடியது என்னும் விளம்பரத்தில் மயங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்தது பிளைவீல். நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடித்து உந்துகிறது. அந்த இடியோட்டத்தைச் சீராக்குவதே பிளைவீலின் பணி. முன்பெல்லாம் அது ஒரே வார்ப்பிரும்புத் தட்டு. பின்னர், இரு பகுதிகளுக்கிடையே வில்சுருள்களை வைத்த இரட்டைப் பிளைவீல் வந்தது. 1985இல் ஜெர்மனியின் லூக் நிறுவனம் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அது அதிர்வை விழுங்கிக் கியர்பெட்டியைக் காக்கும். ஆனால் விலை கூடுதல்; மிகுந்த வெப்பம் அதன் உள்மசகைக் கெடுக்கும்; உயர்ந்த கியரில் இயந்திரத்தைத் திணறடித்தால் சுருள்கள் தளரும். ஒற்றைத் தட்டோ மலிவு, கடைந்து மீண்டும் பயன்படுத்தலாம், சூட்டையும் பொறுக்கும். நின்ற நிலையில் கியர்பெட்டி கடகடப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழுதுபார்ப்பவர் விலக்குத் தாங்கியைக் கையிலெடுத்துச் சுழற்றினார். அது கரகரத்தது.

"இது ஒரு நாள் வேலை இல்லண்ணே. பெடல் மேலேயே கால வச்சிக்கிட்டு, மேட்டுல கைபிரேக் போடாம பாதிக் கிளட்ச்லேயே வண்டிய நிறுத்தி நிறுத்தி, வருசக்கணக்கா ஆன தேய்மானம்."

மகன் அவ்வண்டியைத் தொட்டே ஆறு மாதந்தான். பழைய லேண்ட்ரோவர் காலந்தொட்டு ஏற்றத்தில் கைபிரேக்கைத் தொடாதவர் யாரென்பது அங்கிருந்த இருவருக்குத் தெரியும். மகன் வாயே திறக்கவில்லை.

நெடுநேரம் கழித்தே பெரியவர் பேசினார். "நீ எந்த கியர்ல ஏறுவடா?"

"ரெண்டாவதுப்பா. திணறதுக்கு முன்னாடியே மாத்திடுவேன்."

"இவன் மட்டும் ஓட்டுறதா இருந்தா, பழையபடி இரட்டையே போடலாம். நிறைய நாள் வரும். ரெண்டு பேரும் ஓட்டுறதுன்னா ஒத்தைதான் நல்லது" என்றார் பழுதுபார்ப்பவர், தாங்கியைத் துடைத்தபடியே.

இறக்கத்தில் பாரவண்டியை இழுத்துப் பிடிப்பது பிரேக் மட்டுமன்று. கீழ்கியரில் இயந்திரமும் பிடிக்கிறது. கிளட்ச் வழுக்கினால் அப்பிடி தளரும். சூடேறிய பிரேக்கை மட்டுமே நம்பி அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். முட்டைக்கோசு மூட்டைகளோடு வாரம் மும்முறை அவ்வாறு இறங்குபவன் அவன்.

"இரட்டையே போடு" என்றார் பெரியவர்.

கூடவே விலக்குத் தாங்கி, முனைத் தாங்கி, எண்ணெய்த் தடுப்பு வளையம், பிளைவீலின் திருகாணிகள் எல்லாம் புதிதாயின. கியர்பெட்டியை இறக்குவதே பெருங்கூலி. சில்லறைப் பொருளுக்காக அதனை இருமுறை கொடுப்பார் உண்டோ?

மறுநாள் மகனே ஓட்டினான். பெரியவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். வண்டி ஏற்றத்தில் நின்றபோதெல்லாம் மகன் கைபிரேக்கை இழுத்தான். அவருடைய இடக்கால் வெறுந்தளத்தை மிதித்துக்கொண்டிருந்தது.