சான்றாவணம் 4

செல்வி என்று வைத்துக்கொள்வோம். தேனிப் பக்கத்துக் கிராமம். அப்பாவோடு என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவர் கையிலிருந்த மஞ்சள் பையில் மருத்துவச் சீட்டுகளும் மில் அடையாள அட்டையும் இருந்தன. "கேம்ப் கூலிக்கு விட்டிருந்தோம் சார்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பத்திரிகைகள் சுமங்கலித் திட்டம் என்று எழுதியது இதைத்தான். மில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை. தினக்கூலியில் சாப்பாட்டுக்குப் பிடித்தம். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. புரோக்கர் செல்வியின் வீட்டில் சொன்னது ஐம்பதாயிரம். இரண்டு வருடம் எட்டு மாதம் நூற்பு எந்திரத்தில் சைடு பார்த்தபின் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பிப் போனவளிடம், "இடையில நின்னுட்டே, கணக்கு முறிஞ்சு போச்சு" என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

முதலில் கோட்டாட்சியரிடம் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி மனு கொடுத்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அட்வான்ஸ் வாங்கியிருக்காங்களா?" வாங்கவில்லை. "அப்புறம் எப்படிங்க கொத்தடிமை?" குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புதான் என்று 1982-லேயே ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு நகலை நீட்டினேன். அதை வாங்கிக் கோப்புக்கு அடியில் வைத்தார்.

சரி, கூலியையாவது வாங்குவோம் என்று குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையர் முன் மனுப் போட்டேன். அதற்கு அப்போது ஆறு மாதக் கெடு இருந்தது. செல்வியின் அப்பா, "அடுத்த மாசம் வாங்க" என்ற வார்த்தையை நம்பிப் பதினான்கு மாதம் நடந்திருந்தார். தாமதத்தை மன்னிக்க வைப்பதற்கே நான்கு வாய்தா ஆனது.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதம். அவள் பழகுநர்தான் என்பது ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது மற்றொன்று. இரண்டுமே பழைய சரக்கு. பஞ்சாலைப் பழகுநருக்கும் தமிழக அரசு 2008-ல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருந்தது. அந்த ஊதியத்தை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அத்தோடு விட்டிருந்தால் வழக்கு சாதாரணமாக முடிந்திருக்கும். தங்கள் நல்ல மனதை நிரூபிக்க ஒரு காகிதத்தையும் தாக்கல் செய்தார்கள். சான்றாவணம் 4: நவீன அடிமைமுறைக்கும் ஆள்கடத்தலுக்கும் எதிரான நிறுவனத்தின் உறுதிமொழி. வழவழப்பான தாள், நான்கு பக்கம், நல்ல ஆங்கிலம்.

அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பிரிட்டன் 2015-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தொழில் செய்து, ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள் வருடா வருடம் அறிக்கை வெளியிட வேண்டும். "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று எழுதினாலும் சட்டப்படி அது அறிக்கைதான்! அங்கிருந்து சரக்கு வாங்கும் பையர் தன் அறிக்கைக்காக மில்லிடம் உறுதிமொழி கேட்கிறான். மில் எழுதிக் கொடுக்கிறது.

பர்சனல் மேனேஜர் கூண்டேறினார். தங்கமான மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இது தமிழில் உண்டா?"

"உண்டு. ஆபீஸ் வரவேற்பறையில மாட்டியிருக்கு."

"விடுதிப் பெண்கள் அங்கே வருவார்களா?"

"ஆடிட் நாளன்னிக்கு வருவாங்க."

"தொழிலாளர் ஊதியத்தில் எதையும் பிடித்து வைப்பதில்லை என்று 2-ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஐம்பதாயிரம் ஊதியமா?"

"ஊக்கத்தொகை சார். ஊதியம் இல்லை."

"அப்படியானால் தினமும் கையில் கொடுத்ததும் சாப்பாட்டுக்குப் பிடித்ததும் மட்டும்தான் ஊதியம். இரண்டையும் கூட்டினால் அரசு நிர்ணயித்தது வருகிறதா?"

யோசித்தார். வரவில்லை என்றால் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் மாட்டுவார். ஐம்பதாயிரத்தையும் சேர்த்தால்தான் வருகிறது என்றால், மூன்று வருடம் ஊதியத்தைப் பிடித்து வைத்ததாக ஆகும். நான்கு பக்க உறுதிமொழியும் பொய். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். துணை ஆணையர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதில் சொல்லட்டும், நானும் கேட்டுக்கணும்" என்றார்.

"சேர்த்தாத்தான் வரும் சார்."

தட்டச்சருக்கு அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

உத்தரவு எங்கள் பக்கம். வித்தியாசத் தொகையோடு இழப்பீடும். சட்டம் அப்போது பத்து மடங்கு வரை அனுமதித்தது. கிடைத்தது ஒரு மடங்கு. டிடி வருவதற்குள் செல்விக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக் கடனுக்கே அந்தப் பணம் போனது.

நான் செய்த இன்னொரு காரியம் சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உத்தரவின் நகலை லண்டன் பையருக்கு அனுப்பினேன். மில் பாக்கி வைத்த மற்றப் பெண்களுக்கும் கொடுக்க வைப்பார்கள் என்று நினைத்தேன். ஐந்து வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. எங்கள் உறுதிப்பாட்டின்படி அந்த மில்லுடன் வணிக உறவை முடித்துக்கொண்டோம், தகவலுக்கு நன்றி.

பொங்கல் கழித்துச் செல்வி போன் செய்தாள். "சார், எங்க சித்தி பொண்ணு அதே மில்லுலதான் இருந்தா. ஆர்டர் இல்லைன்னு நேத்து எல்லாரையும் வண்டி வச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். அவளுக்கு ரெண்டு வருசக் கணக்கு நிக்குது சார்."

அடையாள அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.